தள்ளி விட்ட திமிங்கலம் ஏன் திரும்பி வந்தது?

தம்பி, எண்ணூர்ல நீங்க பசங்களோட கடல்ல தள்ளி விட்ட சின்னத் திமிங்கலம் ராத்திரியே திரும்பக் கரை ஒதுங்கிச் செத்துப்போச்சு, நாங்க என்ன தப்பு பண்ணோம்னு கேட்டிருந்தீங்க. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. தனியா ஒதுங்குறது பெரும்பாலும் நோயாலயோ காயத்தாலயோ துவண்டதாத்தான் இருக்கும். நீந்தத் தெம்பில்லாததை அலை திரும்பக் கொண்டாந்து போட்டுடும்.

கூட்டமா ஒதுங்குறது வேற. 2016 ஜனவரியில தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் 80க்கு மேல பைலட் திமிங்கலங்க ஒதுங்குச்சு. மீனவங்க பாடுபட்டு உள்ளே இழுத்து விட்டும் சிலது திரும்பி வந்துச்சு. அதுங்க ஒண்ணை விட்டு ஒண்ணு பிரியாது. ஒண்ணு தடம் மாறினா மத்ததும் பின்னாலேயே வரும். கடற்படைக் கப்பலுங்க தண்ணிக்கடியில இருக்கிறதைத் தேட அனுப்புற சோனார் சத்தத்தால ஒதுங்கினதும் உண்டு, 2000ல அமெரிக்கா பக்கத்துல இருக்கிற பகாமாஸ் தீவுல நடந்தது அப்படித்தான்.

இனிமே பார்த்தா முதல் போன் வனத்துறைக்கு. அவங்க கால்நடை மருத்துவரோட வர்ற வரைக்கும் கடலுக்குள்ள தள்ளாதீங்க. வாலைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, மூட்டு விலகிடும். வயிறு கீழ இருக்கிற மாதிரி நிமிர்த்தி வச்சு, பக்கத் துடுப்புக்கு அடியில மணலைத் தோண்டி விடுங்க. ஈரத்துணி போர்த்தித் தண்ணி ஊத்திட்டே இருங்க. ஆனா உச்சந்தலையில இருக்கிற மூச்சுத் துளையை மூடிடாதீங்க, அதுக்குள்ள சொட்டுத் தண்ணியும் போகக் கூடாது. அது விடுற மூச்சு உங்க முகத்துல படாம நில்லுங்க, நோய் தொத்தும். செல்ஃபி எடுக்க வர்ற கூட்டத்தைத் தூரமா நிறுத்துங்க, அந்தச் சத்தமே அதை மிரட்டிடும்.

திமிங்கலம் வலையில சிக்கிக் காயம்படாம தடுக்கறதுக்கு நம்ம ஜனம் செய்யக்கூடியது, அறுந்த வலையைக் கடல்லயே விட்டுடாம காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பக் கொண்டாந்துடறது. சங்கத்துல இதைப் பேசுங்க தம்பி, நானும் எங்க பக்கம் பேசறேன்.