வலைப்பக்க அட்டவணைக் கட்டங்களுக்குள் ‘திருத்து’, ‘நீக்கு’ பொத்தான்களைச் சரியாக அமைப்பது எப்படி?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு தொல்லைகள்: ‘நீக்கு’ என்பதை அழுத்தினால் பதிவு நீங்குவதோடு அதன் விவரப் பக்கமும் திறந்துகொள்கிறது, தேதிவாரியாக வரிசைப்படுத்திய பின் அழுத்தினால் வேறொரு பதிவு நீங்குகிறது. அட்டவணையின் முழு வரிக்கும் (கிடைவரிசை) ஒரு கிளிக் கொடுத்துவிட்டு, அதற்குள்ளேயே பொத்தான்களையும் வைத்து, எந்தப் பதிவு என்பதை வரி எண்ணால் அடையாளம் கண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

அப்படி ஒரு அட்டவணையோடு மல்லுக்கட்டியவன் என்பதால் எழுதுகிறேன். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் செயலி, வேறொருவர் கட்டி முடித்தபின் பராமரிப்புக்காக என்னிடம் வந்தது. கணக்கர் தொகைவாரியாக வரிசைப்படுத்தி, மேலிருந்து மூன்றாவது பில்லை ரத்து செய்தார். சர்வர் அனுப்பிய பட்டியலில் மூன்றாவதாக இருந்த பில் ரத்தானது. போதாக்குறைக்கு அந்த ‘ரத்து’ ஒரு பொத்தானே அல்ல. ஸ்பான் (எழுத்தைச் சுற்றி வைக்கும் சாதாரண எச்டிஎம்எல் உறுப்பு) ஒன்றுக்குள் குப்பைத்தொட்டிப் படம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் விசைப்பலகையோடே பழகிய கணக்கர் மவுஸை வேண்டாவெறுப்பாகத்தான் தொடுவார். டேப் விசையை எத்தனை முறை தட்டினாலும் அந்தப் படத்தில் வந்து நிற்காது.

உண்மையான பட்டன் உறுப்பை வைத்து, அதன் டைப் பண்பையும் ‘பட்டன்’ என்றே குறித்தேன். குறிக்காவிட்டால், படிவத்துக்குள் இருக்கையில் அது படிவத்தையே சமர்ப்பித்துவிடும். வரி எண்ணுக்குப் பதிலாக பில்லின் அடையாள எண்ணை பொத்தானின் டேட்டா பண்பில் (நம் தகவலை உறுப்போடு ஒட்டிவைக்கும் இடம்) வைத்தேன். கிளிக்கைக் கவனிக்கும் நிரலைப் பொத்தானுக்கு ஒன்றாகக் கட்டாமல் டிபாடியில் (அட்டவணையின் வரிகளை அடக்கிய உறுப்பு) ஒன்றே ஒன்று வைத்து, ‘க்ளோசஸ்ட்’ (கிளிக் விழுந்த உறுப்பிலிருந்து மேல்நோக்கித் தேடும் கட்டளை) கொண்டு பொத்தானைக் கண்டறிந்தேன். ஏனெனில் கிளிக் பெரும்பாலும் பொத்தானுக்குள் இருக்கும் படத்தின் மீதுதான் விழுகிறது.

‘ரியாக்ட்டில் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) இதெல்லாம் தேவையே இல்லை’ என்று யாராவது கிளம்புவார்கள். கிளிக்கை ஓரிடத்தில் கவனிக்கும் வேலையை ரியாக்ட் தானே பார்த்துக்கொள்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கீ-யாக (ஒவ்வொரு வரியையும் ரியாக்ட் அடையாளம் காணும் பெயர்) வரி எண்ணைக் கொடுத்தால், வரிசைப்படுத்தும்போது ஒரு பில்லுக்குத் திறந்த மெனு இன்னொரு பில்லோடு ஒட்டிக்கொள்ளும். ஏஜி கிரிட் போன்ற அட்டவணை நூலகங்களில் திரையை விட்டுப் போகும் வரிகள் பக்கத்திலிருந்தே அகற்றப்படுவதால், செல் ரெண்டரருக்குள் (ஒரு கட்டத்தை வரையும் நிரல்) சேமித்த நிலையையும் நம்ப முடியாது.

விவரப் பக்கம் சேர்ந்து திறப்பதற்கு ‘ஸ்டாப் ப்ராபகேஷன்’ போடச் சொல்லி இங்கேயே பலர் எழுதுவார்கள். அது கிளிக்கை மேலே போகவிடாமல் தடுப்பதால், வெளியே கிளிக் செய்தால் மூடவேண்டிய மெனுக்கள் மூடாமல் நிற்கும். வரியின் கிளிக்கை எடுத்துவிட்டு, பில் எண்ணை மட்டும் இணைப்பாக்கிவிடுங்கள். புதிய தாவலில் (டேப்) திறக்கும் வசதியும் தானாகவே கிடைக்கும். ‘வரி முழுவதும் கிளிக் ஆகவேண்டும்’ என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால் (எனக்கு வாய்த்தவர் பிடித்தார்), கிளிக் விழுந்தது பொத்தானிலோ இணைப்பிலோ என்று பார்த்து, ஆம் எனில் வரியின் நிரல் ஒதுங்கிக்கொள்ளட்டும்.

பொத்தான்களை 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சலுக்குக் குறைக்காதீர்கள். 2023இல் வந்த, வலைப்பக்க அணுகல்தன்மைக்கான நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.2, சில விலக்குகள் தவிர, கேட்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். படம் மட்டும் உள்ள பொத்தானுக்கு ஏரியா லேபிளில் (aria-label, திரைவாசிப்பானுக்கான பெயரைச் சொல்லும் பண்பு) ‘பில் 1042 ரத்து செய்’ என்று முழுதாக எழுதுங்கள். வெறும் ‘ரத்து’ என்றால், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானில் ஐம்பது பொத்தான்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். வரி நீங்கியதும் ஃபோகஸை (விசைப்பலகை அப்போது நிற்கும் இடம்) அடுத்த வரியின் பொத்தானுக்கு நீங்களே நகர்த்துங்கள். இல்லையேல் விசைப்பலகையில் வேலை செய்பவர் தன் இடத்தைத் தொலைத்துவிட்டு மறுபடி தேட வேண்டியிருக்கும்.