பத்தாவது முகம்

அன்புள்ள ஐயா,

யூத மரபைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியவற்றைப் படித்திருக்கிறேன் என்பதால் இதைக் கேட்கிறேன். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் மேல்தளத்தில் 84 வயது யூதப் பாட்டி ஒருவர் தனியாக வசிக்கிறார். அவர்களுடைய புத்தாண்டுக்கும் யோம் கிப்பூர் நோன்புக்கும் இடைப்பட்ட நாட்களில் அவர் கணவரின் நினைவுநாள் வந்தது. முழங்கால் வலியால் ஜெபாலயத்துக்குப் போக முடியவில்லை. காலை வழிபாட்டை ஜூமிலும் நடத்துகிறார்கள், லேப்டாப்பைச் சரிசெய்து கொடு என்று கூப்பிட்டார். போனேன். பக்கத்திலேயே உட்காரச் சொன்னார்.

திரையில் ஒன்பது பேர் இருந்தார்கள். வழிபாடு ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. பாட்டி விரல் மடக்கி எண்ணி, "இன்னும் ஒருவர் வரவேண்டும்" என்றார். ஐந்து நிமிடம் எல்லோரும் சும்மா காத்திருந்தோம். பத்தாவது கட்டம் திறந்து, காருக்குள் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகம் தெரிந்ததும் அத்தனை பேரும் சிரித்தார்கள். பாட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தாளைப் பார்க்காமலே ஒரு பிரார்த்தனையைச் சொன்னார்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கோயில் திருவிழாவை டிவியில் பார்ப்பது மாதிரிதான். உடம்பு போகாத இடத்துக்கு பக்தி மட்டும் எப்படிப் போகும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பழைய யூத ஜெபாலயத்துக்குப் போயிருந்தபோது, பத்து ஆண்கள் சேராமல் அங்கே வழிபாடு நடக்காது என்று வழிகாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. திரையில் தெரியும் பத்து கட்டங்கள் ஒரு கூட்டமாகுமா? இல்லை, முதியவர்களுக்காகச் செய்த ஓர் ஆறுதல் ஏற்பாடுதானா? அந்நியனான நான் அங்கே உட்கார்ந்தது சரியா?

ஆர்.
நியூ ஜெர்சி

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஐந்து நிமிடத்தைத்தான். டிவியில் பார்க்கிறவர் வந்து சேரவில்லையே என்று எந்தத் திருவிழாவும் நிற்பதில்லை. இங்கே ஒரு முகம் குறைந்ததால் வழிபாடு நின்றது, அது வந்ததும் தொடர்ந்தது. உங்கள் நண்பருக்குச் சொல்ல வேண்டியதில் பாதி இதிலேயே இருக்கிறது.

பாட்டி சொன்னது கத்தீஷ். பெரும்பாலும் அரமேயம் என்ற பழைய மொழியில் அமைந்த பிரார்த்தனை. இறந்தவர்களுக்காகச் சொல்லப்படுகிறது, ஆனால் அதில் மரணம் என்ற சொல்லே வராது, இறந்தவரின் பெயரும் வராது. கடவுளின் பெயர் பெருமையடையட்டும், புனிதமாகட்டும் என்றுதான் தொடங்கும். துக்கத்தில் இருப்பவர் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. வயதுவந்த பத்துப் பேர் வேண்டும், அதற்குத்தான் மின்யான் என்று பெயர். காரணம், அதன் நடுவில் கேட்பவர்கள் சொல்ல வேண்டிய வரி ஒன்று இருக்கிறது: "ஆமென், அவருடைய பெருநாமம் என்றென்றும் போற்றப்படுக." கத்தீஷின் உயிர் அந்த வரிதான் என்று கருதுகிறார்கள். இழந்தவர் எழுந்து நின்று குரல் கொடுக்கிறார், சுற்றியிருப்பவர்கள் பதில் குரல் கொடுக்கிறார்கள். பதில் வராவிட்டால் கத்தீஷ் இல்லை.

2021இல் என் பெரியம்மா ஊரில் இறந்தார். என்னால் போக முடியவில்லை. இறுதிச் சடங்கைக் கைபேசியில் பார்த்தேன். யாரோ ஒருவர் பிடித்திருந்த கைபேசி, பாதி நேரம் வானத்தையும் பந்தலையும் காட்டிக்கொண்டிருந்தது. நான் அழுதது அங்கே யாருக்கும் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் கத்தீஷுக்கு ஏன் பத்துப் பேர் என்பது எனக்கு உறைத்தது. பார்ப்பது வேறு, பதில் கிடைப்பது வேறு. ஆகவே நேரலையில் வழிபாட்டைப் பார்ப்பதையும், நீங்கள் விவரிக்கும் இந்தக் கூடுகையையும் நான் ஒன்றாக எண்ணவில்லை.

இனி, கட்டங்கள் கூட்டமாகுமா என்ற கேள்வி. இது யூதர்களுக்குப் பழைய கேள்வி. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் ஆரூக் என்ற சட்ட நூலில் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் ஜெபாலயத்துக்குப் பின்னால் நிற்கிறார், நடுவில் ஒரு ஜன்னல். அது எத்தனை மாடி உயரத்தில் இருந்தாலும் சரி, அவர் அதன் வழியாகத் தன் முகத்தைக் காட்டினால் பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளலாம். சுவருக்கு அப்பால் இருப்பவரை முகம் உள்ளே சேர்த்துவிடுகிறது. அதே நூல் வேறொன்றும் சொல்கிறது: பத்துப் பேர் ஓரிடத்தில் கூடிக் கத்தீஷ் சொன்னால், அங்கே இல்லாதவரும் கேட்டு மறுமொழி சொல்லலாம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் நம் காலத்து ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், வாதிட்டார்கள். மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவில் நிற்கும் அமெரிக்க யூதப் பிரிவான கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 2001இலேயே இணையவழி மின்யானைப் பற்றி முடிவு சொல்லிவிட்டது. பத்துப் பேர் நேரில் கூடியிருக்க வேண்டும், அதன் பிறகு தொலைவில் இருப்பவர் இணையம் வழியே சேர்ந்து பதில் சொல்லலாம், திரையில் மட்டுமே பத்தை நிரப்பக் கூடாது. 2020 மார்ச்சில் ஜெபாலயங்கள் மூடப்பட்டபோது அதே குழு, நெருக்கடிக் காலம் என்பதால் திரையிலேயே பத்தை எண்ணலாம் என்று தளர்த்தியது. தொற்று அடங்கிய பிறகும் பல சபைகள் இணையவழி வழிபாட்டை விடவில்லை. பாட்டியைப் போன்றவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதே காரணம். பத்து ஆண்கள் என்று மட்டாஞ்சேரியில் நீங்கள் கேட்டது, பழைய விதிகளைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் வழக்கம். கன்சர்வேட்டிவ் பிரிவு 1973இலேயே பெண்களையும் எண்ண அனுமதித்துவிட்டது. காரில் இருந்த அந்தப் பெண் பத்தாவது ஆள் ஆனது அப்படித்தான்.

மட்டாஞ்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1568இல் கட்டப்பட்ட அந்த ஜெபாலயத்தில் பத்துப் பேர் சேராமல் போனதற்குப் பக்தி குறைந்தது காரணமல்ல. 1950களில் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள், வெளிநாட்டிலிருந்து வரும் யூதப் பயணிகளைச் சேர்த்துக்கொண்டு பத்தை நிரப்பிய நாட்கள் உண்டு. பத்தாவது முகத்துக்காகக் காத்திருப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

திரையை ஏற்காதவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் சபத் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாளிலும் பெரிய பண்டிகை நாட்களிலும் மின்கருவிகளை இயக்குவதில்லை. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி மாலை, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகை தொடங்கியது. அன்றிரவு நடக்கும் செதர் விருந்தில் வீட்டின் இளைய பிள்ளை, "இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். யாரும் இல்லாமல் தனியாக இருப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தால்மூத். அந்த ஆண்டு எத்தனையோ தாத்தா பாட்டிகள் தங்களையே கேட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். இஸ்ரேலில் செஃபார்தி என்ற யூத மரபுவழியைச் சேர்ந்த 14 ரபிகள், பண்டிகை தொடங்கும் முன்பே கணினியை இயக்கி வைத்துவிட்டால் முதியவர்கள் ஜூமில் குடும்பத்தோடு செதரில் சேரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முதியவர்களின் சோர்வைப் போக்குவதே அவர்கள் சொன்ன நியாயம். தலைமை ரபிகள் அதை ஏற்கவில்லை. இன்று ஒரு கதவைத் திறந்தால் நாளை அதை மூட முடியாது என்ற அச்சம் எதிர்த்தவர்களிடம் இருந்தது. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. போகாமல் இருப்பது எளிதாகிவிட்டால், போகக்கூடியவர்களும் போகமாட்டார்கள். இருந்தும் அன்றைய இரவைப் பொறுத்தவரை என் மனம் அந்தப் 14 பேர் பக்கம்தான்.

புத்தாண்டில் ஊதும் ஷோஃபார் கொம்பைப் பற்றி, தால்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் ஒரு பகுதி உண்டு. பள்ளத்துக்குள்ளோ பெரிய ஜாடிக்குள்ளோ ஊதினால், கொம்பின் ஒலியைக் கேட்டவர் கடமையை முடித்தவர், எதிரொலியைக் கேட்டவர் முடித்தவரல்ல. ஒலிபெருக்கியிலும் திரையிலும் வருவது எதிரொலிதான் என்று சொல்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதே பகுதி அங்கே நிற்காமல் மேலே போகிறது. ஜெபாலயத்தின் பின்புறத் தெருவில் இருவர் நடந்து போகிறார்கள். இருவர் காதிலும் கொம்பொலி விழுகிறது. மனத்தைச் செலுத்திக் கேட்டவர் கடமையை முடித்தார், செலுத்தாதவர் முடிக்கவில்லை. உடம்பு போகாத இடத்துக்கு பக்தி எப்படிப் போகும் என்று கேட்ட நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அங்கேயே நின்ற உடம்பிலும் அது இல்லாமல் போகலாம்.

திரைக்கு எட்டாதது ஒன்றும் இருக்கிறது. பழைய அலெக்சாந்திரியாவின் பெரிய ஜெபாலயத்தைத் தால்மூத் வருணிக்கிறது. ஓதுபவரின் குரல் கடைசி வரிசைக்குக் கேட்காத அளவு பெரிய கட்டடம். அதனால் நடுவே மரமேடையில் ஒருவர் துணியோடு நிற்பார். ஆமென் சொல்லும் நேரம் வந்ததும் துணியை வீசுவார், மொத்தக் கூட்டமும் ஆமென் சொல்லும். ஜூமில் மைக்கை அணைத்துவிட்டு உதடுகள் மட்டும் அசையும் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிதான் நினைவுக்கு வருகிறது. காதுக்கு எட்டாத ஆமெனும் ஆமென்தான். ஆனால் அதே இடத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அங்கே பொற்கொல்லர்கள் ஒரு பக்கம், வெள்ளி வேலை செய்பவர்கள் ஒரு பக்கம், நெசவாளர்கள் ஒரு பக்கம் என்று தொழில்வாரியாக உட்கார்வார்களாம். வெளியூரிலிருந்து ஓர் ஏழை வந்தால் தன் தொழில்காரர்களை அடையாளம் கண்டு அவர்களிடம் போய்ச் சேர்வான். அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் பிழைப்பு அங்கே கிடைத்துவிடும்.

வழிபாடு முடிந்ததும் "கூட்டத்திலிருந்து வெளியேறு" என்ற பொத்தானை அழுத்திய மறுகணம் பாட்டி தனியாகியிருப்பார். ஜெபாலயத்தில் என்றால் காபி இருந்திருக்கும், யாராவது கையைப் பிடித்து உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டிருப்பார்கள், ஒருவர் வீடுவரை கொண்டுவந்து விட்டிருப்பார். திரைக்கு இது கைகூடாது. அன்றைக்கு அந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். பத்தில் உங்களை எண்ண மாட்டார்கள், அது அவர்கள் மரபு. ஆமென் என்று நீங்கள் சொன்னால் யாரும் தடுக்கப்போவதுமில்லை. உட்காரச் சொன்னது பாட்டி. அது சரியா என்று இனி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஏதாவது எடுத்துப்போக நினைத்தால், சமைத்ததைக் கொண்டுபோகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் கோஷர் என்ற யூத உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவராக இருக்கலாம். வெட்டாத ஆப்பிள் என்றால் சிக்கல் இல்லை, அவர்களுடைய புத்தாண்டுக் காலத்துக்குப் பொருத்தமானதும்கூட. நினைவுநாள் அவர்களுடைய நாட்காட்டிப்படி வருவதால் ஒரு வருடம் செப்டம்பரில் விழும், ஒரு வருடம் அக்டோபரில் விழும். அடுத்த ஆண்டுக்கான தேதியை இப்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். அது சனிக்கிழமையாக இருந்தால் அவர்கள் சபை அன்று திரையைத் திறக்குமா என்பதையும் விசாரியுங்கள். யூதர்களின் நாள் முந்தைய மாலையே தொடங்கிவிடும். 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றைச் சூரியன் மறையும் வேளையில் பாட்டி ஏற்றுவார். காலையில் லேப்டாப்போடு போவது இருக்கட்டும், அந்த மாலையிலேயே ஒருமுறை மேலே போய் எட்டிப் பாருங்கள்.

அன்புடன்.