தளத்துக்கு வருவது யார்? ஒரே நாளுக்கு மூன்று கணக்குகள்

கேள்வி: "சிறிய இணையதளம் ஒன்று தொடங்கியிருக்கிறேன். எத்தனை பேர் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவி நல்லது? கூகுள் அனலிட்டிக்ஸ் மட்டும் போதுமா?"

போதாது. அதற்காக ஐந்தாறு கருவிகளைப் பூட்டிக்கொள்ளவும் வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலை நான் வைத்துக்கொள்வேன். அந்த முடிவுக்கு வர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

என் அப்பா கோவைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். வருகிற விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதி வைக்கலாம் என்று ஒரு தளம் தொடங்கினேன். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. இந்த ரகக் கேள்விகள்.

முதல் மாத முடிவில், தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கோடு வந்த ஏடபிள்யூஸ்டாட்ஸ் அறிக்கையைத் திறந்தேன். "ஹிட்ஸ்" என்ற தலைப்புக்குக் கீழே நாற்பதாயிரத்துச் சொச்சம். அப்பாவிடம் ஓடிப்போய் நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள் என்றேன். "அத்தனை பேருக்கு மோட்டார் பழுதென்றால் பட்டறைக்கு ஓர் ஆள்கூடக் கூடுதலாக வரவில்லையே?" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடிப் பார்த்தேன்.

தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர், தன்னிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் "லாக்" என்ற பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கும். கேட்டவரின் ஐபி முகவரி (அவருடைய இணைய இணைப்பின் எண்), நேரம், கேட்ட கோப்பு, கொடுத்தேன் என்றால் 200, இல்லை என்றால் 404, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்தப் பிரவுசர் என்பவையெல்லாம் அந்த வரியில் இருக்கும். ஒரு பக்கத்தில் 14 படங்கள் இருந்தால், ஒருவர் ஒருமுறை திறந்தாலே 15 வரிகளுக்குக் குறையாது. வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளியின் செருப்பு, குடை, பை எல்லாவற்றையும் தனித்தனி ஆளாக எண்ணியது போலத்தான். போதாக்குறைக்குத் தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களான போட்கள், பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் திருட்டு நிரல்கள், 2023 முதல் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் ஜிபிடிபோட் போன்றவை எல்லாம் அந்த லாக்கில் வரிசையாக நிற்கின்றன. தெரிந்த போட்களை ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனியே பிரித்துக் காட்டும். தங்களை குரோம் என்று சொல்லிக்கொண்டு வருபவை அதன் கண்ணில் தப்பிவிடும்.

அடுத்து கூகுள் அனலிட்டிக்ஸைப் போட்டேன். எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போனது. இது சர்வர் லாக்கைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நாம் ஒட்டும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டு, வந்தவருடைய பிரவுசரில் ஓடித் தகவல் அனுப்புகிறது. பெரும்பாலான போட்கள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை என்பதால் கழிந்துவிடுகின்றன. விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் உண்மையான மனிதர்களும் அவற்றோடு சேர்ந்தே கழிந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், என் கைப்பேசி, என் மடிக்கணினி, அலுவலகக் கணினி மூன்றிலும் நானே திறந்து பார்த்ததை அது மூன்று பேராக எண்ணியது. அது எண்ணுவது குக்கியை, அதாவது தளம் விட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்பை. குக்கி இருப்பது பிரவுசருக்குள். ஐபி முகவரியை வைத்து எண்ணினால் இதற்கு நேர்மாறான பிழை வரும்: மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், ஊரே ஒரே ஆளாகத் தெரியலாம்.

ஆக, ஒரே செவ்வாய்க்கிழமைக்கு என்னிடம் மூன்று கருவிகளின் மூன்று கணக்குகள் இருந்தன. மூன்றில் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒன்று கோப்புகளை எண்ணுகிறது, ஒன்று குக்கிகளை எண்ணுகிறது, மூன்றாவதான சர்ச் கன்சோல் கூகுள் தேடலில் விழுந்த கிளிக்குகளை எண்ணுகிறது. இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முயன்று நான் வீணாக்கிய மாலைப் பொழுதுகளை நீங்கள் வீணாக்க வேண்டாம். ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, போன மாதத்தைவிட இந்த மாதம் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பாருங்கள்.

நேர மண்டலத்தில் நான் பட்ட பாடு தனிக் கதை. என் வாசகர்கள் இரவு 11 மணிவாக்கில்தான் அதிகம் வருகிறார்கள் என்று அனலிட்டிக்ஸ் அறிக்கை காட்டியது. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கிராமத்தில் மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது விழித்திருந்து தண்ணீர் பாய்ச்சுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். புதுக் கட்டுரைகளை இரவு 10 மணிக்கு வெளியிடத் தொடங்கினேன். பல மாதங்கள் கழித்து அமைப்புப் பக்கத்தைப் பார்த்தால், நேர மண்டலம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தது. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அந்த இரவு 11 மணி இங்கே காலை பதினொன்றரை. கணக்குத் திறந்ததும் முதல் வேலையாக நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள்.

"பவுன்ஸ் ரேட்" என்ற எண்ணும் பலரை பயமுறுத்தும். அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பில், ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனால் அது பவுன்ஸ். ஒரு விவசாயி என் கட்டுரையை இருபது நிமிடம் படித்து, வயரை மாற்றி, மோட்டாரை ஓடவைத்துவிட்டுப் போனாலும், வந்த வேகத்தில் திரும்பியவர் பட்டியலில்தான் சேருவார். 2020-இல் வந்த புதிய பதிப்பான ஜிஏ4 இதைக் கொஞ்சம் சரிசெய்தது: வருகை 10 வினாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்த செயல் ஒன்றைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. அப்படி இல்லாததுதான் இப்போது பவுன்ஸ்.

வந்தவர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்ற அறிக்கையில் "டைரக்ட்" என்ற வரியையும் அப்படியே நம்ப வேண்டாம். முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உண்மையில், எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்கள் எல்லோரும் அந்த மூட்டைக்குள்தான் போகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் யாராவது உங்கள் சுட்டியைப் பகிர்ந்தால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் இங்கேதான் வந்து விழும். நீங்களே பகிரும் சுட்டியின் வாலில், எங்கே பகிர்ந்தது என்று சொல்லும் யூடிஎம் குறிச்சொற்களைச் சேர்த்தால் அதையாவது பிரித்து அறியலாம். யூடிஎம் என்பதில் முதல் எழுத்து அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் குறிக்கிறது. கூகுள் அதை 2005-இல் வாங்கித்தான் அனலிட்டிக்ஸை உருவாக்கியது. அந்தப் பெயர் இன்னும் உலகத்துச் சுட்டிகளின் வாலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி சர்ச் கன்சோல். இது வந்தவர்களை மட்டும் காட்டுவதில்லை. கூகுளில் என்ன சொல் தேடியபோது உங்கள் பக்கம் பட்டியலில் தெரிந்தது, எத்தனையாவது இடத்தில் தெரிந்தது, எத்தனை பேர் அதைச் சொடுக்கினார்கள் என்று காட்டுகிறது. அதாவது உங்களைப் பார்த்தும் உள்ளே வராமல் போனவர்களின் கணக்கும் அதில் உண்டு. "மின்தேக்கி பழுதை அறிவது எப்படி?" என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நல்ல தமிழ் என்று எனக்குப் பெருமை வேறு. கன்சோலில் பார்த்தால், அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான முறை தேடலில் தெரிந்திருக்கிறது. சொடுக்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. தேடிய சொற்களைப் பார்த்தேன். கண்டென்சர், கெப்பாசிட்டர், கெப்பாசிட்டர் இணைப்பு, போர் மோட்டார் கண்டென்சர். மின்தேக்கி என்று தேடியவர்கள் பள்ளி மாணவர்கள். அவர்களுக்கு வேண்டியது அறிவியல் பாடம். தலைப்பில் கண்டென்சர் என்று மாற்றினேன், மின்தேக்கியைக் கட்டுரைக்குள் ஓரிடத்தில் விட்டுவைத்தேன். சில வாரங்களில் என் தளத்தில் அதிகம் படிக்கப்படும் பக்கம் அதுவாகிவிட்டது. "நீர்மூழ்கி மோட்டார்" என்று நான் எழுதியதையெல்லாம் "போர் மோட்டார்" என்று மாற்றியதும் இதே பாடம்தான். அப்பாவிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும். ஜிஏ4-இன் இலவசப் பதிப்பில், விரிவாக ஆராயத் தேவைப்படும் தரவு இயல்பாக 2 மாதம்தான் நிற்கும். அமைப்பில் போய் 14 மாதமாக உயர்த்த வேண்டும். அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு அதன் தரவும் நீக்கப்பட்டது. நான் மாதம் ஒருமுறை முக்கியமான நான்கைந்து எண்களை ஒரு எக்செல் தாளில் எழுதி வைக்கிறேன். நம் கணக்கு நம் கையில் இருக்கட்டும்.

மைக்ரோசாப்ட் கிளாரிட்டி இலவசம். எங்கே விரல் வைக்கிறார்கள் என்ற வரைபடத்தோடு, வருகையின் பதிவையே திரைப்படம் போல ஓட்டிக் காட்டும். வயரிங் படத்தின் மேல் ஆட்கள் தட்டுவதும், அது பெரிதாகாததால் மறுபடி மறுபடி தட்டுவதும், கடைசியில் மூடிவிட்டுப் போவதும் எனக்கு அதில்தான் தெரிந்தது. அன்று இரவே படத்தைத் தொட்டால் பெரிதாகும்படி செய்தேன். தட்டச்சு செய்யும் பெட்டிகளை அது மறைத்துவிடுகிறது என்றாலும், இன்னொருவரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல எனக்கு உறுத்தல். அதனால் ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் போட்டுவிட்டு எடுத்துவிடுகிறேன். போட்டிருக்கும் நாட்களில் தளத்தில் அதை அறிவித்தும் விடுகிறேன்.

உறுத்தல் எனக்கு மட்டும் இல்லை. 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அங்குள்ள ஒரு தளம் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்திய விதம் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என்றது. அடுத்த மாதமே பிரான்ஸும் அதே வழியில் போனது. ஐரோப்பிய வாசகர்களைக் குறிவைத்து நடத்தும் தளம் என்றால் அங்குள்ள தரவுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தலாம். குக்கியே வைக்காத பிளாசிபிள், உமாமி போன்ற வருகைக் கணக்குக் கருவிகளைப் பாருங்கள். பிளாசிபிள் ஒருவரை அந்த ஒரு நாளுக்கு மட்டுமே அடையாளம் காணும். நாளை அவரே வந்தாலும் புது ஆள். மாதக் கட்டணம் உண்டு. சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் கட்டணம் இல்லை. மலிவான ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு மடோமோ என்ற இன்னொரு கருவி தோதானது. பிஎச்பி என்ற நிரல் மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் இருந்தாலே ஓடும். 2018 வரை அதற்குப் பிவிக் என்று பெயர். உமாமிக்கு நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருள் வேண்டும் என்பதால் என் ஹோஸ்டிங்கில் அது ஓடவில்லை.

இன்று என் தளத்தில் சர்ச் கன்சோலும் மடோமோவும் மட்டுமே இருக்கின்றன. திடீரென்று எண்கள் துள்ளினால் மட்டும் சர்வர் லாக்கைத் தரவிறக்கி, கோஅக்சஸ் என்ற லாக் படிக்கும் கருவியில் போட்டு, வந்தது மனிதர்களா போட்களா என்று பார்க்கிறேன்.

உங்கள் தளம் எதைப் பற்றியது என்று நீங்கள் சொல்லவில்லை. பொருள் விற்கும் கடை என்றால் மேலே சொன்னதில் பாதி மாறும்: வந்தவர் எந்தப் படியில் வாங்காமல் திரும்பினார் என்று பார்க்க ஜிஏ4 தேவைப்படும், அதை நான் ஆழமாகக் கையாண்டதில்லை. விவரத்தைக் கருத்தில் எழுதுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.