நகரம் எல்லோருக்கும் சமமாக இருக்க என்ன செய்யலாம்?

"நகரத்தில் ஒற்றுமையும் சமத்துவமும் வளர, அங்கே குடியிருப்பவர்கள் என்ன யோசனை சொல்லலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோசனைக்கு எந்த ஊரிலும் பஞ்சம் இருந்ததில்லை. யாரிடம் கேட்கிறோம், கேட்டபின் எதை வைத்து முடிவெடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. என் கண்முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வேலை நாள், காலை பதினோரு மணி. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வரைபடம். ஆளுக்கு மூன்று மஞ்சள் சீட்டு கொடுத்து, எங்கே என்ன வேண்டுமோ எழுதி அந்த இடத்திலேயே ஒட்டச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. நடைபாதை, பூங்கா விளக்கு, வண்டி நிறுத்த இடம். என் பங்குக்கு எங்கள் தெருவுக்கு நிழல் மரம் கேட்டு இரண்டு சீட்டு ஒட்டினேன். பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சீட்டுகூட இல்லை. ஜனம் நெருக்கமாக வாழ்வது அங்கேதான்.

எல்லோரும் கிளம்பியபின் நாற்காலி அடுக்க வந்த அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க வீடு இதுல எங்கங்க வருது?" என்றார். தேடிக் காட்டினேன். அங்கிருந்து கூட்டம் நடந்த மண்டபம் வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்தார். அது தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக வந்தது. "பாலத்தைச் சுத்தி வந்தா முக்கால் மணி நேரம் ஆகுது. இப்படித் தாண்டினா பத்து நிமிஷம். பிள்ளைங்களும் இப்படித்தான் பள்ளிக்கூடம் போகுதுங்க." என்னிடம் ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதி, அவர் விரல் வைத்த இடத்திலேயே ஒட்டினேன்.

பிறகு அறிக்கை வந்தது. எந்தக் கோரிக்கைக்கு எத்தனை சீட்டு என்று எண்ணி வரிசைப்படுத்தியிருந்தார்கள். எங்கள் தெரு மரம் மேலே இருந்தது. தண்டவாளத்தின் மேல் நடைமேம்பாலம் கேட்ட கோரிக்கை ஒரே சீட்டோடு கடைசிப் பக்கத்தில் கிடந்தது. யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. எண்ணிய முறையே ஒதுக்கிவிட்டது. மரம் கிடைத்த சந்தோஷம் எனக்கு அன்றைக்கு வரவே இல்லை.

அதனால்தான் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தைப் பற்றிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1989இல் அந்த நகரம், தன் முதலீட்டுப் பணம் எங்கே போகவேண்டும் என்பதைக் குடிமக்கள் கூடிப் பேசித் தீர்மானிக்கும் முறையைத் தொடங்கியது. மக்கள் பங்கேற்கும் வரவுசெலவுத் திட்டம் என்று இதைச் சொல்கிறார்கள். என்னை ஈர்த்தது அதன் கணக்கு. ஒரு பகுதிக்கு எவ்வளவு என்பதை, அங்கிருந்து கை தூக்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள், குழாய், சாக்கடை, சாலை எந்த அளவுக்கு இல்லை, அந்த மக்கள் எதை முதலில் கேட்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இல்லாமை அதிகமென்றால் மதிப்பெண்ணும் அதிகம். பத்து ஆண்டுகளுக்குள் அங்கே குடிநீர் இணைப்பு 98 சதவீத வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல ஏற்பாடு தானாக நிலைத்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். 2017இல் அந்த நகர நிர்வாகமே அதை நிறுத்தி வைத்தது.

வராதவர்களைக் கவனிப்பது இதைவிடக் கடினம். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1990களில் ஆராய்ந்தபோது, ஒன்பது வயதைத் தாண்டிய பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவதே குறைந்துபோவது தெரிந்தது. பையன்கள் எண்ணிக்கையில் அப்படி ஒரு சரிவு இல்லை. பந்து விளையாடும் பையன்கள் திறந்த வெளி முழுவதையும் பிடித்துக்கொண்டால், ஒதுங்கிப்போவது பெண் பிள்ளைகள்தான். நடைபாதை, வெளிச்சம், கைப்பந்து, பூப்பந்து ஆட இடம் என்று சில பூங்காக்களை மாற்றி அமைத்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்தக் கூட்டத்துக்கும் வந்து மனு கொடுக்கவில்லை. அவர்கள் அங்கே இல்லை என்பதை ஒருவர் எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான். எங்கள் வரைபடத்தின் வெறுமையான பக்கத்தையும் அன்றைக்கு யாராவது அப்படிப் படித்திருக்கலாம்.

ஒற்றுமை பற்றியும் கேட்டீர்கள். ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளாத ஜனங்களிடம் ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லிப் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். கொலம்பியாவின் மெடஜின் நகரம் 2004இல் மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் விட்டு, அதைக் கீழே ஓடும் மெட்ரோவோடு இணைத்தது. அதே நாட்டின் போகோட்டாவில் 1974இல் தொடங்கிய வழக்கப்படி, ஞாயிறுதோறும் முக்கியச் சாலைகளில் வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விடுகிறார்கள். இன்றைக்கு அது நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் வசதி வந்தால் வாடகையும் ஏறும், யாருக்காகச் செய்தோமோ அவர்களே வெளியேற நேரும். வியன்னாவில் ஏறக்குறைய பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ மானிய வீடுகளிலோ இருப்பதால் அந்த அழுத்தம் கொஞ்சம் குறைவு. வாடகையைப் பற்றிப் பேசாத சமத்துவத் திட்டத்தை நான் நம்புவதில்லை.

உங்கள் ஊரில் யோசனை கேட்கிறார்கள் என்றால், முதலில் கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் மாற்றச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஆள் வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னதும் எழுதியவர் சீட்டோடு சமமாகச் சேரவேண்டும். சொன்ன ஒவ்வொருவருக்கும் 'செய்கிறோம்' அல்லது 'இந்தக் காரணத்தால் முடியாது' என்று பதில் வரவேண்டும். பதில் வராவிட்டால் மறுமுறை யாரும் வரமாட்டார்கள்.

நாங்கள் சிலர் அடுத்த கூட்டத்தை ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில், ராத்திரி ஏழரை மணிக்கு வைத்தோம். வரைபடத்தைப் புதிதாக வரைந்தோம், தண்டவாளம் ஓரத்தில் இல்லாமல் நடுவில் வரும்படி. அந்த அம்மா அக்கம்பக்கத்தாரை அழைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலை ஆறு முதல் ஒன்பது வரை எத்தனை பேர் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள் என்று ஒரு வாரம் முறைபோட்டு நின்று எண்ணி, அந்தத் தாள்களை இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். பாலம் இன்னும் வரவில்லை. ஆள் நேரில் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த கூட்டமும் அதே பள்ளியில்தான்.