ஊருக்கு வந்தாச்சு, டாக்டர் யார்?

கேள்வி: எனக்கு 67 வயது. பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. சென்னையை விட்டுச் சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். இங்கே யாரிடம் காட்டுவது?

பதில்: உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள், நல்லது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு தேடினால், பஸ் ஸ்டாண்டில் முதலில் கண்ணில் படும் போர்டுக்குள்தான் நுழைவோம்.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் அங்கே இலவசமாக மாத்திரை தருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. "இது வேற மாத்திரையா இருக்கே" என்று பயப்பட வேண்டாம். அட்டையில் கம்பெனிப் பெயர் மாறியிருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் பழைய சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குழப்பம் என்றால் அங்குள்ள டாக்டரிடமே காட்டுங்கள்.

அப்படியே கிராம சுகாதார செவிலியரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த டாக்டர் தினமும் வருகிறார், யார் ஞாயிறு மட்டும் வந்து போகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். மெடிக்கல் ஷாப்காரரிடமும் வழி கேட்கலாம், தப்பில்லை. மாத்திரை மட்டும் கேட்காதீர்கள்!

தனியார் கிளினிக் என்றால் சீட்டில் டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். 'ஒரே ஊசி, வலி போச்சு' என்று பெயர் வாங்கியவரிடம் கவனம். அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் அன்றைக்கு மூட்டுவலி குறையும், சர்க்கரை எகிறிவிடும். என்ன ஊசி என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

ராத்திரி விஷயம் வேறு. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது என்றால் எந்தக் கிளினிக்கும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இரவிலும் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று இந்த வாரமே விசாரித்து, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

சரி, முதல் தடவை போகும்போது சென்னை ஃபைலை மறக்காதீர்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனைதான் கிரியாட்டினின்; கடைசியாக எடுத்த அந்த ரிப்போர்ட் மேலே இருக்கட்டும்.