போட்டி டெக்கில் கடைசி நாலைந்து இடங்களுக்கு எந்தக் கார்டு என்று எப்படி முடிவெடுப்பது?

கேள்வி கேட்டவர் மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டுக்கான 60 கார்டு டெக் (ஆடக் கொண்டுபோகும் கார்டுக் கட்டு) ஒன்றைப் போட்டிக்குத் தயார் செய்கிறார். 55 கார்டு உறுதியாகிவிட்டது. மிச்சமுள்ள 5 இடத்துக்குப் பத்துப் பதினைந்து கார்டுகள் வரிசையில் நிற்கின்றன, எல்லாமே நல்ல கார்டாகத் தெரிகிறது, எதை வைப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறார்.

தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்தக் கார்டும் நல்லதாகத்தான் தெரியும். டெக்கிலோ இடம் எண்ணி வைத்தது. ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போயாக வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு கார்டுகளை எதிரெதிரே வைத்துக் கேளுங்கள்: எதை எடுத்துவிட்டு இதை வைக்கிறேன், எந்த டெக்குக்கு எதிராக, எத்தனையாவது டர்னில் (ஆடும் முறையில்) இது எனக்குத் தேவை? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாத கார்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பதினைந்து கார்டு ஆறேழாகக் குறைந்துவிடும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். லைட்னிங் போல்ட்டுக்கும் ஃபேட்டல் புஷ்ஷுக்கும் ஒரே அளவு மானா விலை (மானா என்பது கார்டை ஆடச் செலவழிக்கும் சக்தி, லேண்ட் கார்டுகள் தருவது), இரண்டும் இன்ஸ்டன்ட், அதாவது எதிராளி டர்னிலும் போடலாம். போல்ட் 3 டேமேஜ் கொடுக்கும், எதிராளி மேலேயே கூடப் போடலாம். புஷ் கிரியேச்சரை (களத்தில் நின்று சண்டையிடும் கார்டை) மட்டும்தான் கொல்லும். அதுவும் 2 மானா விலைக்குள் இருக்க வேண்டும். அந்த டர்னில் உங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது பெர்மனன்ட் (களத்தில் தங்கும் கார்டு) வெளியேறியிருந்தால் 4 வரை போகும். ஃபெட்ச் லேண்டை (டெக்கிலிருந்து வேறு லேண்டை எடுத்துத் தரும் லேண்டை) பலி கொடுத்தால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும், அதனால் ஃபெட்ச் லேண்ட் நிறைய உள்ள டெக்கில் புஷ் வேறு கார்டாகவே மாறுகிறது. எதிரில் டார்மோகாய்ஃப் என்ற கிரியேச்சர் இருந்தால் புஷ் ஜெயிக்கும்: விலை 2தான், ஆனால் டஃப்னெஸ் (சாவதற்கு முன் தாங்கும் அளவு) பல நேரம் போல்ட்டின் 3 டேமேஜைத் தாண்டி நிற்கும். எதிரில் கிரியேச்சரே இல்லாத டெக் என்றால் புஷ் கையில் வெறும் காகிதம். போல்ட் அப்போதும் எதிராளியின் உயிர்ப் புள்ளியில் 3 குறைக்கும். ஆகவே எது சிறந்தது என்பதற்கு விடை கார்டின் மேல் எழுதியிருக்காது. வரப்போகும் போட்டியில் எதிரே யார் யார் உட்காருவார்கள் என்பதில்தான் இருக்கிறது.

அதைக் கணக்காக மாற்றலாம். ஒரு குறிப்பிட்ட டெக்கை மட்டும் நன்றாக அடிக்கும் கார்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த டெக்குக்கு எதிராகக் கைக்கு வந்தால், அது வெளியே தள்ளிய பழைய கார்டைவிட 100 ஆட்டத்துக்கு 20 ஆட்டம் கூடுதலாக ஜெயிக்க வைக்கிறது என்று வைப்போம். மற்ற டெக்குகளுக்கு எதிராகச் செத்துக் கிடப்பதால் 7 ஆட்டம் இழக்க வைக்கிறது. 7ஐ 27ஆல் வகுத்தால் 26 சதவீதம். போட்டியில் அந்த டெக் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் இந்தக் கார்டு மெயின் டெக்கில் (முதல் ஆட்டத்தை ஆடும் 60 கார்டில்) கட்டுப்படியாகும். 20 சதவீதம்தான் இருக்கும் என்றால் கிடைப்பது 4, போவது 5.6, நஷ்டம். இந்த எல்லையை நிர்ணயிப்பது எத்தனை காப்பி வைக்கிறோம் என்பதில்லை. காப்பி கூடினால் லாபமும் நஷ்டமும் சேர்ந்தே கூடும்.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 2 காப்பி வைத்த கார்டு, முதலில் ஆடுபவருக்கு நாலாவது டர்னுக்குள் (பார்த்தது 10 கார்டு) வரும் வாய்ப்பு 31 சதவீதம்தான். மேலே சொன்ன 1.6 நஷ்டம் அந்த 31 சதவீதத்தில்தான் விழுகிறது; மொத்தத்தில் அரை சதவீதம். கிட்டத்தட்ட சமமான இரண்டு கார்டுகளுக்கு நடுவே வாரக்கணக்கில் அல்லாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தைச் சைட்போர்டில் (முதல் ஆட்டத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளத் தனியே வைக்கும் கார்டுகளில்) செலவழித்தால் பலன் பல மடங்கு.

எத்தனை காப்பி என்பது தனிக் கேள்வி. 60 கார்டில் முதல் 7 கார்டுக்குள் ஒன்றாவது வரும் வாய்ப்பு (முல்லிகன், அதாவது முதல் கை பிடிக்காமல் புதிதாக எடுப்பதை, சேர்க்காமல்): 4 காப்பிக்கு 40 சதவீதம், 3க்கு 31.5, 2க்கு 22, 1க்கு 11.7. நாலும் வைத்தால் இரண்டு ஒன்றாக வந்து நிற்கும் வாய்ப்பு 6 சதவீதம். லேலைன் ஆஃப் த வாய்டு முதல் கையில் இருந்தால் இலவசமாகக் களத்தில் இறங்கும். பிறகு வந்தால் 4 மானா கேட்கும். அதன் மதிப்பு முழுக்க முதல் கையில்தான். அதை 2 வைப்பது இரண்டு சைட்போர்டு இடத்தை வீணாக்குவது. வைத்தால் 4, இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். இதற்கு நேர் எதிர், லெஜண்டரி கார்டுகள். ஒரே பெயரில் இரண்டைக் களத்தில் வைத்துக்கொள்ள முடியாது. ஆட்டத்துக்கு ஒன்று போதும் என்றால் 2 அல்லது 3 சரியான எண். ஆறு ஏழு மானா விலையுள்ள முடிப்புக் கார்டு 1 அல்லது 2க்கு மேல் போனால் முதல் கையில் வந்து உட்கார்ந்து உயிரை வாங்கும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கார்டுகளில் தலா இரண்டு வைப்பதும் நல்ல வழி: ஒன்றின் பலவீனம் மற்றதில் இருக்காது, எதிராளியாலும் எது வரும் என்று ஊகித்து ஆட முடியாது.

இடம் போதவில்லை என்றதும் முதலில் கத்தி விழுவது லேண்டில். இதை நான் கண்டிப்பாக எதிர்ப்பேன். முதலில் ஆடும்போது நாலாவது டர்னுக்குள் 4 லேண்ட் கிடைக்கும் வாய்ப்பு 25 லேண்டுக்கு 67.5 சதவீதம், 24க்கு 63, 23க்கு 58.6. ஒரு லேண்டை எடுத்தால் நாலைந்து சதவீதம் போகிறது, அதுவும் எல்லா எதிராளிக்கும் எதிராக. 4 மானா கார்டுகளை நம்பியிருக்கும் டெக்கில் எந்த ஐந்தாவது நல்ல கார்டும் அதைத் திருப்பித் தராது. நிறமும் அப்படித்தான்: ஒரு நிறக் கார்டை ஆட அந்த நிற மானா தரும் லேண்ட் வேண்டும். முதல் டர்னில் போட வேண்டிய கறுப்புக் கார்டுக்குக் கறுப்பு தரும் லேண்ட் 14 இருந்தால் முதல் 7 கார்டில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 86 சதவீதம். 10 என்றால் 74. கறுப்புக் கார்டான புஷ்ஷைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும்போது, பத்துக் கறுப்பு லேண்டோடு முதல் டர்னில் அது நாலில் ஒரு தடவை கையிலேயே மாட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்று ஆட்ட மேட்சில் முதல் ஆட்டம் மட்டும்தான் மெயின் டெக்கோடு நடக்கிறது. இரண்டு அல்லது மூன்று ஆட்டத்தில் முடியும் மேட்சில் பாதியோ அதற்கு மேலோ சைட்போர்டுக்குப் பிந்தைய ஆட்டம். பயிற்சியோ பெரும்பாலும் மெயின் டெக்கை மட்டுமே வைத்து நடக்கிறது. ஒரு தாளில் எதிர்பார்க்கும் ஐந்தாறு டெக்குகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை கார்டு வெளியே போக வேண்டும், எத்தனை உள்ளே வரும் என்று எழுதுங்கள். வேகமாக அடிக்கும் டெக்குக்கு எதிராக வெளியே எடுக்க 5 கார்டுதான் இருக்கிறது, சைடில் அதற்காக 8 வைத்திருக்கிறீர்கள் என்றால் 3 கார்டு பெட்டியை விட்டு எழவே எழாது. கன்ட்ரோல் டெக்குக்கு (எதிராளியைத் தடுத்து ஆட்டத்தை நீட்டும் டெக்குக்கு) எதிராகச் செத்த கார்டு 7, உள்ளே வருவது 4 என்றால் 3 செத்த கார்டோடு இரண்டாம் ஆட்டத்துக்கும் போகிறீர்கள். அந்த 3ஐ இந்த 3க்கு மாற்றினாலே டெக் வேறாகிவிடும். பலரும் கடைசி ஐந்து இடப் பிரச்சினை என்று நினைப்பது இந்தத் தாளில்தான் தீர்கிறது.

இனி, 20 என்றும் 7 என்றும் மேலே சொன்ன எண்கள் எங்கிருந்து வரும்? நினைவிலிருந்து எடுத்தால் தப்பாகத்தான் வரும். ஒரு கார்டு அட்டகாசமாக ஜெயித்துக் கொடுத்த ஒரே ஆட்டம் மனதில் நிற்கும். கையில் சும்மா கிடந்த எட்டு ஆட்டம் மறந்துபோகும். வெற்றி சதவீதமும் சின்ன எண்ணிக்கையில் உதவாது. 20 ஆட்டத்தில் 12 ஜெயித்தால் உண்மையான அளவு 40க்குக் கொஞ்சம் கீழேயிருந்து 80 வரை எங்கேயும் இருக்கலாம். 100 ஆட்டம் ஆடினாலும் பத்துப் புள்ளி இப்படியோ அப்படியோ தள்ளும்.

அதனால் ஆட்டத்தை எண்ணாமல் கார்டு கைக்கு வந்த தருணங்களை எண்ணுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் போட்டியிடும் இரண்டு கார்டின் பெயரையும் எழுதி ஸ்லீவுக்குள் (கார்டு உறைக்குள்) போட்டு டெக்கில் அந்த இடத்தில் வையுங்கள். ஒற்றைப்படை ஆட்டத்தில் அது முதல் கார்டு, இரட்டைப்படையில் இரண்டாவது. சீட்டு கைக்கு வந்ததும், எதிராளி அடுத்து என்ன ஆடுகிறார் என்று தெரிவதற்கு முன்பே, இந்த நொடியில் இரண்டில் எது வேண்டும் என்று குறியுங்கள். கூடவே வந்த டர்ன், ஆடிய டர்ன், கடைசிவரை கையிலேயே தங்கியதா என்ற மூன்றும். முன்பே குறிப்பது முக்கியம். ஆட்டம் முடிந்து குறித்தால் முடிவு தெரிந்த பிறகு வரும் ஞானம் அது. இருபது தடவை வருவதற்குள் ஒரு சாய்வு தெரிந்துவிடும். சீட்டு வரும்வரை காத்திருக்க நேரமில்லையென்றால் முதல் கையில் ஒரு கார்டாக அதையே வைத்து மீதி 6ஐ மட்டும் எடுத்து ஆடலாம். பிந்திய ஆட்டத்துக்கான கார்டை ஐந்தாவது டர்னில் எடுக்கும் கார்டாக வைக்கலாம். அந்த ஆட்டங்களின் வெற்றி தோல்வியை மட்டும் மற்ற கணக்கோடு கலக்காதீர்கள்.

ஒரு சமயத்தில் ஒரு ஜோடியை மட்டும் சோதியுங்கள். ஐந்தையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய வழியில்லை. தோற்ற ஆட்டத்துக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு வார்த்தையில் எழுதுங்கள்: லேண்ட், கார்டு, ஆடிய தவறு. தவறு என்று எழுதிய ஆட்டத்துக்காகக் கார்டை மாற்றுவது பெரும்பாலும் இன்னொரு நல்ல கார்டைத் தண்டிப்பதில்தான் முடியும்.

மற்ற கேம் ஆடுகிறவர்களுக்கு எண்கள் மட்டும் மாறும். போகிமானில் 6 கார்டு பரிசுக் கார்டாகத் தொடக்கத்திலேயே கவிழ்த்து ஒதுக்கப்படுவதால் ஒற்றைக் காப்பி அங்கே போய்ச் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். 2 வைத்தால் இரண்டுமே சிக்குவது 1 சதவீதத்துக்கும் கீழே. டெக்கின் திட்டம் முழுவதும் ஒரு கார்டில் தொங்கினால் இரண்டாவது காப்பிக்கு அதுவே போதிய காரணம். யு-கி-ஓவில் டெக் குறைந்தது 40 கார்டு (இந்தக் கணக்கு 40க்கு), முதல் கை 5. காம்போவை (அடுத்தடுத்துச் சேர்ந்து வேலை செய்யும் கார்டு வரிசையை) தொடங்கி வைக்கும் கார்டு 9 இருந்தால் ஒன்றாவது முதல் கையில் வரும் வாய்ப்பு 74 சதவீதம், 12க்கு 85, 15க்கு 92. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குப் போகும்போது 11 புள்ளி கிடைக்கிறது, அடுத்த மூன்றுக்கு 7தான். பன்னிரண்டு இருக்கும் டெக்கில் காலியாக உள்ள மூன்று இடத்துக்கு, எதிராளி டர்னில் கையிலிருந்தே குறுக்கிடும் ஹேண்ட் ட்ராப் கார்டை முதலில் சோதிப்பேன்.