ஒரே அறையில் நால்வர், ஒருவருக்கு ஃப்ளூ

கேள்வி: விடுதியில் நாங்கள் நால்வர் ஒரே அறையில் இருக்கிறோம். நேற்று ஒருவனுக்குக் கடும் காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல். ஃப்ளூ என்கிறார் டாக்டர். மாற்று அறை கிடைக்கவில்லை. நாங்கள் எப்படித் தப்பிப்பது?

பதில்: அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் பரவத் தொடங்கிவிடும். அதனால் உங்கள் மூவரில் யாருக்காவது ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். நோயாளியிடமிருந்து அதிகம் பரவுவது முதல் மூன்று, நான்கு நாட்களில்தான். கவனம் முழுவதும் அந்த நாட்களில் இருக்கட்டும்.

முதலில் காற்று. நண்பரின் கட்டிலை ஜன்னலோரம் போடுங்கள். மற்ற கட்டில்கள் 2 மீட்டராவது தள்ளியிருந்தால் நல்லது. இடம் போதாதென்றால் அவர் தலை வைக்கும் பக்கம் உங்கள் கால் வரும்படி படுங்கள். ஒரே பக்கம்தான் ஜன்னல் என்றால் அதில் மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அறைக்காற்று தாழ்வாரத்துக்குப் போகாமல் வெளியேறும். ஸ்பிளிட் ஏசியை நம்பிக் கதவடைக்க வேண்டாம். அது உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது.

அறையில் ஆள் இருக்கும்போது நண்பர் மாஸ்க் அணியட்டும், நீங்களும் அணியுங்கள். மூக்குக்குக் கீழே இறங்கிய மாஸ்க்கால் பயனில்லை. டம்ளர், துண்டு, தலையணை எல்லாம் அவருக்குத் தனி. கதவுப்பிடி, சுவிட்ச், குளியலறைக் குழாய் போன்ற வழவழப்பான பரப்புகளில் இந்த வைரஸ் இரண்டு நாள் வரைகூட இருக்கும். சோப்பு நீரால் துடைத்தாலே பெரும்பகுதி போய்விடும். கிருமிநாசினி வேண்டுமென்றால் 5 சதவீத பிளீச் திரவத்தில் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அன்றன்றே பயன்படுத்துங்கள். வேறு எந்தக் கழிப்பறை திரவத்தோடும் அதைச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கையை சோப்பு போட்டு 20 விநாடி கழுவுங்கள். விரலிடுக்கும் கட்டைவிரலும்தான் பலருக்கு விட்டுப்போகும் இடங்கள். சானிடைசர் என்றால் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும்.

தொற்றியிருந்தால் 1 முதல் 4 நாளுக்குள் தெரிந்துவிடும். அதுவரை நெரிசலான இடங்களைத் தவிருங்கள். ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர் உங்களில் இருந்தால் காய்ச்சல் வரும்வரை காத்திராமல் இப்போதே டாக்டரைப் பார்க்கட்டும்.

கேள்வி: மாத்திரை போட்டதும் காய்ச்சல் விட்டுவிட்டது. வகுப்புக்குப் போகலாமா?

பதில்: கூடாது. பாராசிட்டமால் சூட்டைக் குறைக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு தேர்வறையில் உட்காருபவர் பக்கத்து பெஞ்சுகளுக்கும் நோயைத் தருகிறார். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும், மற்ற தொல்லைகளும் குறைந்திருக்க வேண்டும். அதன் பிறகும் சில நாள் மாஸ்க் அணியுங்கள். இருமல் மட்டும் இரண்டு வாரம் நீடிப்பது வழக்கம்தான்.

கேள்வி: போன வருடம் தடுப்பூசி போட்டேன். இந்த வருடமும் வேண்டுமா? ஊசியாலேயே ஃப்ளூ வரும் என்கிறார்களே?

பதில்: வேண்டும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, போன ஊசியின் பாதுகாப்பும் குறைந்திருக்கும். ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது. கைவலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே விடுதியில் நோய் பரவிய பிறகு ஓடாமல் ஃப்ளூ பருவத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கேள்வி: அறையில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாடிக் போடலாமா?

பதில்: வேண்டாம், அது பாக்டீரியாவுக்கு. ஃப்ளூவுக்கான மருந்து ஓசெல்டமிவிர். அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். யாருக்குத் தேவை என்பதை டாக்டர் முடிவு செய்வார். 19 வயதுக்கு உட்பட்டோர் ஆஸ்பிரினைத் தொடவே கூடாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: நான் விடுதி வார்டன். நிர்வாகம் என்ன செய்யலாம்?

பதில்: ஒவ்வொரு தளத்திலும் நோயுற்றவர் தங்க ஓர் அறையைக் காலியாக வையுங்கள். சாப்பாட்டை அந்த அறை வாசலிலேயே வைக்க ஏற்பாடு செய்யுங்கள்; காய்ச்சலோடு சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நிற்க விடாதீர்கள். வருகைப்பதிவு குறையும் என்ற பயம்தான் மாணவர்களை இருமலோடு வகுப்புக்குத் துரத்துகிறது. முதல் மூன்று நாள் விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்காதிருக்கும்படி கல்லூரியிடம் பேசுங்கள்.